வீட்டுக்கு வரும் மின்கம்பியை மண்ணுக்குள் இறக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு பட்டுக்கோட்டையில், 1996-ல் கட்டியது. தெருவுக்கு எதிர்ப்புறம் இருக்கும் கம்பத்திலிருந்து சர்வீஸ் ஒயர் சாலையைத் தாண்டி, எங்கள் தென்னையை உரசிக்கொண்டு, போர்ட்டிகோ மேல் உள்ள இரும்புக் குழாய்க்கு வருகிறது. கஜா புயலில் அறுந்தபோது இரண்டு இடத்தில் முறுக்கி ஒட்டியதுதான் இன்றுவரை ஓடுகிறது. அதே ஒயர்மேல் டிவி கேபிள், இன்டர்நெட் கேபிள் எல்லாம் சுற்றிக் கிடக்கின்றன. இப்போது மகனுக்காக மாடி எடுக்கப்போகிறோம். கிழக்குப் பக்கச் சந்தில் ஐந்து கம்பிகள் கொண்ட தெரு லைன் போகிறது. புயலுக்குப் பிறகு நட்ட கம்பம் பழையதைவிட எங்கள் சுவருக்குக் கிட்டத்தில் இருக்கிறது. எல்லாக் கம்பிகளையும் பூமிக்கடியில் மாற்ற முடியுமா? செலவு எவ்வளவு ஆகும்? மழைத் தண்ணீர் நின்றால் ஆபத்தில்லையா? ஒன்றரை அடி தோண்டினாலே சரளை வருகிற மண். தென்னையை வெட்டினால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு மனசு வரவில்லை.
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: டீச்சர், வணக்கம்.

‘எல்லாக் கம்பிகளையும்’ என்பதற்குக் கீழே கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வீட்டைச் சுற்றித் தொங்குவதெல்லாம் ஒரே ஆளுக்குச் சொந்தமானவை அல்ல. எதிர்க் கம்பத்திலிருந்து உங்களுக்கு மட்டும் வருவது சர்வீஸ் ஒயர். சந்தில் போகும் ஐந்து கம்பி தெருவுக்கே பொதுவான லைன். மற்றவை டிவிக்காரர், இன்டர்நெட்காரர் சமாசாரம். சர்வீஸை மண்ணுக்குள் இறக்கலாம், மாடி வேலை தொடங்கும் முன்பே இறக்கிவிடுங்கள். தெரு லைனை இறக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். மூன்றாவதுக்கு ஒரு பிவிசி பைப்பும் உள்ளே ஒரு நைலான் கயிறும் போதும்.

தெரு லைனை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், அந்த ஐந்து கம்பியில் உங்கள் சந்திலுள்ள அத்தனை வீடும் தொங்குகிறது, தெருவிளக்கும் சேர்த்து. அதை மண்ணுக்குள் கொண்டுபோனால் கம்பத்துக்குப் பதிலாக பில்லர் பெட்டிகள் (தெருவோரம் தரையில் நிற்கும் மின்பெட்டிகள்) வைக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டு சர்வீஸையும் அவிழ்த்து அந்தப் பெட்டியிலிருந்து புதிதாகக் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சாலையை வெட்ட வேண்டும். மேல்கம்பி லைனைப்போலப் பல மடங்கு செலவாகும் வேலை இது, ஒரு வீட்டுக்காரர் கேட்டு நடப்பதில்லை. கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி போன்ற ஊர்களில் புயலை உத்தேசித்து மேல்கம்பிகளைப் புதைவடமாக மாற்றும் வேலையை அரசு எடுத்தது. அதற்கே உலக வங்கிக் கடன் தேவைப்பட்டது. விருப்பமும் வசதியும் உள்ளவர்கள் முழுத் தொகையையும் கட்டி லைனை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, ஈபி ஆபிஸில் டிசிடபிள்யூ என்பார்கள். லேஅவுட் போடுகிறவர்களும் ஆலைக்காரர்களும் போகிற வழி அது. பென்ஷன் பணத்தில் மாடி கட்டும் வீட்டுக்கு அது தேவையும் இல்லை.

ஆனால் சந்து லைனை அப்படியே விட்டுவிட்டு மாடி எழுப்பவும் கூடாது. விதி சொல்லும் இடைவெளி இது: 650 வோல்ட் வரையான லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர் இருக்க வேண்டும், லைன் மேலே போனால் 2.5 மீட்டர். 11,000 வோல்ட் ஹெச்டி (உயர் அழுத்த) லைன் என்றால் பக்கவாட்டில் அதே 1.2, மேலே 3.7. உங்கள் சந்தில் ஐந்து கம்பி என்கிறீர்கள், அப்படியானால் அது எல்டி, அதாவது தாழ்வழுத்த லைன்தான். ஹெச்டிக்கு மூன்றே கம்பி வரும், பெரிய பீங்கான்கள்மேல் உட்கார்ந்திருக்கும். இந்த 1.2 மீட்டரைச் சுவரிலிருந்து அளப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. மாடியில் வரப்போகும் சன்ஷேட் நுனியிலிருந்து, பால்கனி இருந்தால் அதன் கைப்பிடியிலிருந்து அளக்க வேண்டும். அதுவும் காற்றில் கம்பி ஊசலாடி உங்கள் பக்கம் வந்தால் எங்கே நிற்குமோ அந்த இடம் வரைக்கும்.

எப்படி அளப்பது? தயவுசெய்து டேப்பையோ கழியையோ கம்பிப் பக்கம் நீட்டாதீர்கள், கொத்தனாரையும் நீட்ட விடாதீர்கள். காற்றில்லாத காலை நேரத்தில் சந்தின் கோடியில் லைனுக்கு அடியில் நின்று, கொத்தனாரின் தூக்குக்குண்டு நூலைக் கண்ணுக்கு முன் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கம்பியையும் நூலையும் ஒரே கோட்டில் சேர்த்துப் பாருங்கள். நூல் தரையில் எங்கே விழுகிறதோ அங்கே உங்கள் மகன் சுண்ணாம்பால் ஒரு கோடு போடட்டும். அப்புறம் தரையிலேயே நிதானமாக டேப் வைத்து அளந்துகொள்ளலாம்.

இடைவெளி போதாது என்று தெரிந்தால் என்ன செய்வது? லைனுக்குப் பக்கத்தில் கட்டடத்தை உயர்த்துவதாக இருந்தால் முன்கூட்டியே மின்வாரியத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. லைனை நகர்த்தும் செலவும் கட்டுகிறவர் தலையில்தான் பொதுவாக விழும். உங்கள் விஷயத்தில் பேச ஓர் இடம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா கரை கடந்தபோது டெல்டாவில் விழுந்த கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்த ஆட்கள் ராப்பகலாக நட்டார்கள். ஊரே இருட்டில் கிடந்த அந்த நேரத்தில், பழைய குழியில் உடைந்த கம்பத்தின் அடித்துண்டைப் பிடுங்கிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? பக்கத்தில் புதுக்குழி வெட்டி நட்டுவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கம்பம் இடம் மாறியது உண்மை என்றால், பழைய அடித்துண்டு இன்னும் தரையில் தெரிந்தால், அதைப் படமெடுத்து மனுவோடு வையுங்கள். வீடு முன்னே, கம்பம் பின்னே என்பது உங்களுக்குச் சாதகமான சங்கதி.

கம்பத்தை நகர்த்த இடமில்லை என்று சொன்னால் ஏபி கேபிள் கேளுங்கள். உறை போட்ட கம்பிகளை ஒன்றாக முறுக்கி ஒரே வடமாகக் கட்டியிருப்பார்கள், நீங்களே எங்காவது பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டை ஒட்டிய இரண்டு மூன்று கம்பங்களுக்கு மட்டும் வெறுங்கம்பியை எடுத்துவிட்டு இதைப் போடலாம். தெருவைத் தோண்டாமல், தெருக்காரர்களைக் கூட்டாமல் முடிகிற வேலை.

சரி, இப்போது சர்வீஸுக்கு வருவோம். சந்துக் கம்பத்தை நீங்கள் தொந்தரவாகப் பார்க்கிறீர்கள். எனக்கோ உங்கள் கடிதத்தில் வந்த நல்ல செய்தியே அதுதான். எதிர்ப்புறக் கம்பத்திலிருந்து யூஜி கேபிள் (மண்ணுக்கடியில் போகும் கேபிள்) கொண்டுவருவதென்றால் சாலையை வெட்ட வேண்டும். நகராட்சி அனுமதி, சாலையைப் பழையபடி போட்டுத்தரக் கட்டணம், அண்மையில் போட்ட சாலை என்றால் அனுமதி இழுபறி. கேபிளையும் சாலைக்கு அடியில் ஒரு மீட்டர் ஆழத்தில் குழாய்க்குள் விட வேண்டும். இவ்வளவையும் எதற்குச் சுமக்க வேண்டும்? உங்கள் பக்கமே ஒரு கம்பம் நிற்கிறது. சர்வீஸை அந்தச் சந்துக் கம்பத்துக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். கம்பத்திலிருந்து இறங்கி, உங்கள் காம்பவுண்டுக்குள் நுழைந்து, சுவரோரமாகவே மீட்டர் போர்டுக்குப் போய்விடலாம். சாலையும் கடக்க வேண்டாம், தென்னைக்கும் கம்பிக்கும் சம்பந்தமே இல்லாமல் போகும். அந்த லைனில் உங்கள் லோடைத் தாங்க இடமிருக்கிறதா என்று ஈபி ஆபிஸின் உதவிப் பொறியாளர் (ஏ.இ.) பார்த்துச் சொல்வார். இருக்கிறது என்றால் பாதித் தலைவலி தீர்ந்தது.

மனுவைப் பிரிவு அலுவலகத்தில் கொடுங்கள். ஒரே மனுவில் மூன்று கோரிக்கை: சர்வீஸை சந்துக் கம்பத்துக்கு மாற்றுவது, மேல்கம்பிக்குப் பதில் யூஜி கேபிள், மாடி லோடுக்கு மும்முனை இணைப்பு. இவற்றைத் தனித்தனியாகக் கேட்டால் மூன்று முறை நடக்க வேண்டியிருக்கும், ஒரே கேபிளை இரண்டு முறை வாங்கும்படியும் ஆகலாம். மகன் குடும்பம் தனிச் சமையல் என்றால் மாடிக்குத் தனி மீட்டரா என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருப்பதால் வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சு வருகிறது, உங்கள் வீட்டிலும் வரும். பள்ளத்தை மூடிய பிறகு வந்தால் எனக்குத்தான் திரும்ப வேலை. மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதிகாரி வந்து பார்த்து எஸ்டிமேட் போடுவார், தொகையை முன்பணமாகக் கட்டிய பிறகுதான் வேலை நடக்கும். நியாயமில்லாமல் இழுத்தால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அதற்கு மேல் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். முதல் நாளே அங்கே போய் நிற்க வேண்டாம்.

மீட்டர் வரைக்கும் வருகிற கேபிள் உங்கள் காசில் வாங்கியதானாலும் அது வாரியத்தின் சர்வீஸ் லைன்தான். எனவே பள்ளம் வெட்டுவதும் கேபிள் விரிப்பதும் லைசென்ஸ் உள்ள ஒப்பந்ததாரர் செய்யலாம், கம்பத்தில் ஏறி இணைப்புக் கொடுப்பது வாரிய ஆட்கள் மட்டும். ‘அண்ணே, ஐந்நூறு கொடுங்க, நானே ஏறி மாட்டிவிடறேன்’ என்று ஒரு பையன் வருவான். அவன் ஏறும் கம்பத்தில் லைன் எங்கே நிறுத்தியிருக்கிறது, எங்கே நிறுத்தவில்லை என்று அவனுக்குத் தெரியாது. உங்கள் வாசலில் ஓர் உயிர் போகவேண்டாம்.

கேபிள் எது? நான் போடுவதாக இருந்தால் நான்கு கோர் (உள்ளே ஓடும் கம்பிகள்), 16 சதுர மி.மீ., அலுமினியம், எக்ஸ்எல்பிஇ காப்பு, இரும்புக் கவசம் உள்ள ஆர்மர்டு கேபிள், உறைமேல் ஐஎஸ் 7098 என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஏ.இ. வேறு அளவு சொன்னால் அவர் சொல்வதுதான் முடிவு. இந்த அளவு உங்களுக்குத் தாராளம். 40 மீட்டர் ஓட்டத்தில் ஒரு பேஸுக்கு 15 ஆம்பியர் இழுத்தாலும் ஒன்றரை வோல்ட்தான் குறையும். தாமிரம் போடுங்கள் என்று கடைக்காரர் ஆசை காட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். கவசமில்லாத கேபிளை பிவிசி பைப்பில் விட்டால் போதும் என்று சொல்கிறவரிடம் மட்டும் சிரிக்காதீர்கள், வேலையையே கொடுக்காதீர்கள். கரையானும் எலியும் பிவிசியைப் பற்றி என்ன நினைக்கின்றன என்பதைத் தோண்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

பள்ளம் 75 செ.மீ. ஆழம், அதாவது இரண்டரை அடி. ஒன்றரை அடியில் சரளை தட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வேலையாட்கள் அங்கே நிறுத்திவிட்டு ‘இது போதும்மா’ என்பார்கள். போதாது. மீதி ஓரடிக்காகக் கூடுதல் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள், இந்த வேலையில் கஞ்சத்தனம் காட்டக் கூடாத இடம் அதுதான். பள்ளத்தின் அடியில் மூன்று அங்குலத்துக்கு மணல், அதன்மேல் கேபிள், அதன்மேல் மறுபடி மூன்று அங்குல மணல். சரளை மண்ணில் இது சடங்கு அல்ல. கூரான கல் ஒன்று கேபிளின் முதுகில் உட்கார்ந்தால், மேலே நடமாடும் பாரத்தில் வருஷக்கணக்காக அழுத்தி அழுத்தி உறையைக் கிழித்துவிடும். மணலுக்கு மேலே செங்கல்லைக் குறுக்காக நெருக்கி அடுக்குங்கள், மாடிக்கு வாங்கும் கல்லில் உடைசல்கள் போதும். செங்கல்லின்மேல் மண்ணைத் தள்ளி, தரைமட்டத்துக்கு ஓரடி கீழே சிவப்பு எச்சரிக்கை நாடாவை விரித்து, அப்புறம் முழுக்க மூடலாம். நாளைக்கு யாராவது கடப்பாரை போட்டால் முதலில் நாடா கிழியும், அப்புறம் செங்கல் ‘டங்’ என்று சொல்லும். அதற்கும் மேலே குத்துகிறவரை யாரும் காப்பாற்ற முடியாது.

கார் ஏறும் இடத்தில் மட்டும் கேபிளைக் கனமான ஹெச்டிபிஇ குழாய்க்குள் விடுங்கள். திருப்பங்களில் எல்போ வைத்து ஒடிக்கக் கூடாது. கேபிள் கனத்தைப்போல் 12 மடங்கு ஆரத்தில் வளைய வேண்டும், இந்தக் கேபிளுக்கு அது ஏறக்குறைய ஓரடி. ஒரு சைக்கிள் டயரை மூலையில் வைத்துப் பாருங்கள், அதைவிட இறுக்கமாக மடங்கவில்லை என்றால் கவலையில்லை. நடுவில் ஜாயின்ட் கூடவே கூடாது, ஒரே துண்டாக வாங்குங்கள். இரண்டு முனையிலும் ஒன்றரை மீட்டர் உபரியைச் சுருட்டி மண்ணுக்குள் விட்டுவையுங்கள். பிற்காலத்தில் முனை கருகினால் வெட்டிவிட்டு இழுத்துக்கொள்ளலாம். தண்ணீர்க் குழாயோடு ஒரே பள்ளத்தில் போட்டுக் கூலி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், குறைந்தது ஓரடி தள்ளி இருக்கட்டும். செப்டிக் டேங்கைச் சுற்றிக்கொண்டு போங்கள்.

மழைத் தண்ணீர் பற்றிய பயத்துக்கு வருகிறேன். நல்ல கேபிள் தண்ணீருக்குள் மாதக்கணக்காகக் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. வம்பெல்லாம் முனைகளில்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு வீட்டில் மழை பெய்தால் மீட்டர் போர்டுக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். சுவர்க் கசிவு என்று மூன்று தடவை பூசினார்கள், மேல்தளத்தில் வாட்டர்ப்ரூஃபிங் கூடச் செய்தார்கள். மழை விட்ட பிறகும் சொட்டியது. நான் போய் கேபிளைக் கழற்றிச் சாய்த்தேன், கோருக்கு நடுவிலிருந்து கால் டம்ளர் தண்ணீர் கொட்டியது. அவ்வளவும் கம்பத்தின் உச்சியிலிருந்து வந்தது. மேல் முனையை மூடாமல் வானத்தைப் பார்த்து விட்டிருந்தார்கள், மழை கேபிளுக்கு உள்ளேயே இறங்கி, மண்ணுக்கடியில் 25 மீட்டர் நடந்து, போர்டில் வந்து எட்டிப்பார்த்திருக்கிறது. ஆகவே கம்பத்து முனையில் ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும்) உறை போட்டு, கோர்கள் கீழ்நோக்கி வளைந்து பிறகு லைனுக்குப் போகும்படி செய்யச் சொல்லுங்கள். கம்பத்தின் அடியிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல்வரை ஜி.ஐ. பைப்புக்குள் கேபிள் ஏற வேண்டும், மாடு முட்டினாலும் வண்டி உரசினாலும் தாங்கும். மீட்டர் போர்டு இதுவரை வந்த வெள்ளத்தின் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். சென்னையில் பல தெருக்களில் மின்சாரம் மண்ணுக்கடியில்தான் ஓடுகிறது, பெருமழையில் அங்கே லைனை நிறுத்துவது பெரும்பாலும் பில்லர் பெட்டிகள் முழுகுவதால்.

ஆர்மரை எர்த் செய்வது பலரும் விட்டுவிடும் இடம். கேபிளைச் சுற்றியிருக்கும் இரும்புக் கம்பிகளை முனையில் வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் கோர்களை மட்டும் இணைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கம்பிகளைக் கிளாண்டில் (கேபிள் முனையை இறுக்கும் உலோகப் பிடியில்) பிடித்து, எர்த் ஒயரோடு சேர்க்க வேண்டும். நாளைக்குக் கடப்பாரை கேபிளைத் துளைத்தால், எர்த் செய்த ஆர்மர் வழியாகக் கரண்ட் பாய்ந்து கம்பத்து ஃபியூஸ் போகும். எர்த் இல்லை என்றால் கடப்பாரையே பேஸ் ஆகிவிடும். வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அது மீட்டருக்கு அப்புறம் இருப்பது, இந்தக் கேபிளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் கம்பத்தில் நேராக முறுக்கிவிடாமல் ஃபியூஸ் யூனிட் வைக்கச் சொல்லிக் கேளுங்கள் என்கிறேன். பள்ளத்தை மூடும் முன் ஒரு தடவை, மூடிய பின் ஒரு தடவை மெக்கர் (கேபிளின் காப்பு சரியா என்று காட்டும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புதுக் கேபிளில் முள் கோடி வரைக்கும் ஓட வேண்டும், நடுவில் நின்றால் அன்றைக்கே தோண்டுவது சுலபம்.

இன்டர்நெட், டிவி இரண்டுக்கும் இந்தக் கேபிளிலிருந்து ஓரடி தள்ளி, ஒன்றேகால் அங்குல பிவிசி பைப் ஒன்று, திருப்பத்தில் ஒரு சிறு சேம்பர், உள்ளே கயிறு. கேட் ஓரத்தில் பைப் முடியட்டும். அதற்கு வெளியே அவர்கள் எந்தக் கம்பத்திலிருந்து வருகிறார்கள் என்பது அவர்கள் பாடு. பழைய சர்வீஸ் ஒயரை அவிழ்க்கும் நாளில் இரண்டு பேரையும் வரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரம் சீரியல் போச்சு.

செலவுக்கு ஒரு தொகையை இங்கே எழுதினால் அது ஜோசியம். எஸ்டிமேட்டும் அளவும் பார்த்துத்தான் பேச முடியும். ஆனால் பணம் எங்கே போகும் என்று சொல்லலாம். சாலையை வெட்டுவதாக இருந்திருந்தால் அதுதான் முதலிடம் பிடித்திருக்கும். சந்துக் கம்பத்திலிருந்து எடுத்தால் கேபிளும் பள்ளக் கூலியும்தான் பெரிய தொகை, வாரியக் கட்டணம் லோடைப் பொறுத்தது. கம்பத்தை நகர்த்துவதோ ஏபி கேபிளோ வந்தால் அது தனிக் கணக்கு. மாடி வேலைக்கு வரும் ஆட்களைக் கொண்டே, அந்த வேலை தொடங்கும் முன் பள்ளத்தையும் வெட்டிவிட்டால் கூலி குறையும். ஐப்பசிக்கு முன் முடிக்க முடியாது என்றால் பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் மணல் போட்டாலும் தங்காது.

கட்டும் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முறுக்குக் கம்பி ஒன்று 12 மீட்டர் நீளம். சந்துப் பக்கமாக அதை மாடிக்குத் தூக்கும்போது ஒரு முனை லைனைத் தொட்டால், மேலே பிடித்தவரும் கீழே பிடித்தவரும் சேர்ந்து போவார்கள். முன்வாசல் பக்கமாகவே ஏற்றச் சொல்லுங்கள். வழியில்லை என்றால் அந்த ஒரு மணி நேரத்துக்கு லைனை நிறுத்தித் தரும்படி ஈபி ஆபிஸில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

பள்ளம் திறந்திருக்கும்போது, டேப்பை விரித்துவைத்துக் கைபேசியில் நாலைந்து படம் எடுங்கள். அப்புறம் ஒரு தாளில் வீட்டை வரைந்து, வீட்டு மூலையிலிருந்து இத்தனை அடி, காம்பவுண்டிலிருந்து இத்தனை அடி என்று ஒவ்வொரு திருப்பத்தையும் குறித்து, ஈபி கார்டோடு ஒரு நகல், மீட்டர் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒரு நகல். மேலே போன கம்பி தெரியும், அறுந்தால் லைன்மேன் பார்த்ததும் கண்டுபிடிப்பார். மண்ணுக்குள் போனது எங்கே இருக்கிறது என்று பத்து வருஷம் கழித்து உங்கள் மகனுக்கே தெரியாது, போர் போட வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

கடைசியாகத் தென்னை. வெட்ட வேண்டாம். சர்வீஸ் மண்ணுக்குள் போனதும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன காரணம் போய்விடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். உரம் வைக்கத் தென்னையைச் சுற்றி ஆறடிக்கு வட்டப் பாத்தி எடுப்பார்கள், வருஷா வருஷம் அங்கே மண்வெட்டி இறங்கும். கேபிள் அந்த வட்டத்துக்கு வெளியே ஏழெட்டு அடி தள்ளிப் போகட்டும். மட்டை சந்து லைன் பக்கம் சாய்ந்தால் வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்திக் கழிக்கச் சொல்லுங்கள். காய் பறிக்க வருகிறவர் அலுமினியத் துரட்டியோடு வந்தால் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டு, மரம் ஏறத் தெரிந்த ஆளாகப் பாருங்கள்.